மீனின் வாயைப் பார்த்துத் தீனி வாங்கு

குட்டையில் தண்ணீர் நின்றதும் தங்கச்சிகள் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எந்தக் கம்பெனித் தீனி வாங்கலாம்?" கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார். மில் தவிடு சுலபமாகக் கிடைக்கிறதா, செக்கிலிருந்து கடலைப் புண்ணாக்கு வருமா, கொட்டகையில் எத்தனை மாடு, வரப்பில் தீவனப் புல் உண்டா, பக்கத்து ஊரில் பட்டு நூல் எடுக்கிறார்களா. இதெல்லாம் தெரிந்த பிறகு மீனைத் தேர்ந்தெடு. எதைத் தின்பது, தின்றதை எப்படிச் செரிப்பது, அதை எரித்துத் தீர்ப்பதா சதையாகச் சேர்ப்பதா என்பதையெல்லாம் மீன் பிறக்கும்போதே மரபணுவில் கொண்டு வந்துவிடுகிறது. பழக்கிவிடலாம் என்று நினைத்துப் பொருந்தாத தீனியைக் கொட்டினால் உன் காசுதான் தண்ணீரோடு போகும்.

சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் இருக்கும் நமக்குக் கோதாவரிக் கரைபோல் வருஷம் முழுக்க வாய்க்கால் தண்ணீர் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரியும் பண்ணைக்குட்டையும் நிரம்பினால் சித்திரை வரை தாக்குப்பிடிக்கும். ஆறேழு மாதத்துக்குள் மீன் வளர்ந்து, பிடித்து, விற்றாக வேண்டும். தப்பான மீனை விட்டுவிட்டால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது. நான் விலங்கியல் படித்தவள். புத்தூர், நகரி, பலமநேரு பக்கம் குட்டை வைத்திருக்கும் பெண்களோடு பேசிப் பழகித் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடுப்படியில் ஒரு பாடம்

மார்க்கெட்டில் ஒரு தடவையாவது மீனை வெட்டாமல் முழுசாக வாங்கி வா. ஒரு ரோகு, ஒரு விரால். திருப்பதிக் கடைகளில் சீலாவதி என்றால் ரோகு, கொரமேனு என்றால் விரால். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வயிற்றைக் கீறு. ரோகுவின் வயிற்றுக்குள் மெல்லிசான குடல் சுருள் சுருளாக, பச்சையும் கறுப்பும் கலந்த நிறத்தில் அடைந்து கிடக்கும். பித்தப்பை உடையாமல் மெதுவாக இழுத்துப் பலகையில் நீட்டினால், மீனின் நீளத்தைப் போல் பல மடங்கு வரும். பலகை போதாது. விராலுக்கு அப்படி இல்லை. பை போன்ற தடித்த இரைப்பை ஒன்று, அதன் பின்னால் குட்டையான குடல், அவ்வளவுதான். அந்த இரைப்பையை வெட்டினால் சில சமயம் பாதி கரைந்த சின்ன மீனே கிடைக்கும்.

இப்போது ரோகுவில் இரைப்பையைத் தேடு. கிடைக்காது. ரோகு, கட்லா, மிர்கால், புல் கெண்டை, சாதாக் கெண்டை என்று கெண்டைக் குடும்பத்தில் எதற்குமே இரைப்பை இல்லை. உணவைக் கரைக்கும் அமிலத்தைச் சுரக்கச் செய்யும் மரபணுவும், பெப்சின் நொதிக்கான மரபணுவும் இரைப்பை இல்லாத மீன்களில் தொலைந்தே போய்விட்டன என்று பல மீன்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வந்தது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு தொலைந்தது; இனி அது திரும்பி வராது.

இதில் உனக்கு என்ன வேலை என்றால், இரைப்பை இல்லாத மீனால் ஒரே வேளையில் நிறையத் தின்று சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. காலையில் ஒரு கூடைத் தீனியை மொத்தமாக வீசிவிட்டு வேலைக்குப் போனால் பாதி அடியில் போய் அழுகும். கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை கிடைக்க வேண்டும். வீட்டு வேலை, மாட்டு வேலைக்கு நடுவே நீ எத்தனை முறை குட்டைக்கு ஓடுவாய்? அதற்குக் கொல்லேரு ஏரிப் பக்கத்து விவசாயிகள் நல்ல வழி கண்டிருக்கிறார்கள். உரச் சாக்கின் அடிப்பக்கத்தில் இரண்டு வரிசை ஓட்டை போட்டு, தவிடும் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, தண்ணீரில் நட்ட மூங்கில் கம்பில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ரோகு வந்து ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சி உறிஞ்சித் தின்னும். தின்னத் தின்னச் சாக்கு இளைக்கும். பத்து சென்ட் குட்டைக்கு இரண்டு சாக்கு போதும். மாலையில் சாக்கைத் தூக்கிப் பார்த்தாலே மீனுக்குப் பசி இருக்கிறதா இல்லையா என்று கை சொல்லிவிடும். தீனி மிஞ்சியிருந்தால் மறுநாள் குறைத்துப் போடு. மிஞ்சினதைக் கழுவிக் கொட்டிவிட்டுப் புதுசு வை.

வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது

குடலைப் பார்த்தாயிற்று, வாயையும் பார்த்துவிடு. கட்லாவுக்குப் பெரிய தலை, மேல்நோக்கித் திறக்கும் வாய். அது மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்பூச்சிகளை வடிகட்டித் தின்னும். ரோகுவின் உதட்டில் குஞ்சம் போன்ற ஓரம் இருக்கும். நடுத் தண்ணீரிலும் செடி, கல்லின் மேல் படிந்த பாசியிலும் மேய அது தோதானது. மிர்காலின் வாய் கீழே இறங்கியிருக்கும். தரையில் மக்கினது அதன் சாப்பாடு. மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டியில்லாமல் வளர்வதால்தான் கட்லா நாற்பது, ரோகு முப்பது, மிர்கால் முப்பது என்ற கணக்கில் விடச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு 2000 முதல் 3000 குஞ்சு என்று வைத்தால், நம் ஊர் பத்து சென்ட் குட்டைக்கு 200 போதும். அதில் 80, 60, 60.

ஒரு விஷயம் இங்கே கவனி. உன் குட்டைக்குத் தார்ப்பாய் விரித்திருந்தால் அடியில் சேறும் இல்லை, புழுவும் இல்லை. மிர்காலுக்கு அங்கே பட்டினிதான். அதை விட்டுவிட்டு ரோகுவைக் கூட்டிக்கொள்.

கட்லாவுக்குச் சாணம்தான் முதலீடு. மீன் சாணத்தைத் தின்கிறது என்று நினைக்காதே. சாணம் தண்ணீரில் பாசியை வளர்க்கும், பாசி நுண்பூச்சியை வளர்க்கும், கட்லா அந்தப் பூச்சியைத் தின்னும். வாரா வாரம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்று. கையைத் தண்ணீரில் முழங்கை வரை விட்டுப் பார். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரியான பதம். மணிக்கட்டே தெரியாத அளவுக்குப் பச்சையாகிவிட்டால் சாணத்தை நிறுத்து.

புல் தின்னும் மீனின் ரகசியம்

நம் பக்கத்தில் பால் மாடு இல்லாத வீடு குறைவு. மாடு இருந்தால் நேப்பியர் புல்லும் இருக்கும். அதில் ஒரு கைப்பிடி இளந்தழை புல் கெண்டைக்குப் போகட்டும். புல் தின்னும் மீன்களில் அதிகம் படிக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. சீன விஞ்ஞானிகள் 2015இல் இதன் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்து வெளியிட்டார்கள். தேடிப் பார்த்ததில், புல்லின் நாரைச் செரிக்கிற செல்லுலேஸ் நொதிக்கான மரபணு இந்த மீனிடமே இல்லை. மாட்டுக்கும் அது இல்லைதான். ஆனால் மாட்டுக்கு அசைபோட நான்கு அறை வயிறும் அதற்குள் நார் செரிக்கும் நுண்ணுயிர்க் கூட்டமும் உண்டு. புல் கெண்டைக்கு அந்த வசதி இல்லை. தொண்டையில் இருக்கும் பல்லால் புல்லை நறுக்கிச் சாற்றை எடுத்துக்கொண்டு, செரிக்காத மிச்சத்தை அப்படியே தள்ளிவிடும். ஆகவே அது நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். அது தள்ளுகிற மிச்சம் குட்டைக்கு உரம். இருநூறு மீனில் பத்துப் புல் கெண்டை போதும்.

குஞ்சாக இருக்கும்போது புல் கெண்டையும் அசைவம்தான். நுண்பூச்சி தின்று வளர்ந்து, விரல் நீளம் வந்த பிறகுதான் தழைக்கு மாறும். அப்படி மாறுகிற பருவத்தில் குடலிலும் ஈரலிலும் எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே சின்னக் குஞ்சை வாங்கி முதல் நாளே புல்லைப் போட்டுவிட்டு "தின்னவே இல்லை அக்கா" என்று வருத்தப்படாதே. விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்ததைக் கேட்டு வாங்கு. கரும்புத் தோகை போல் முற்றின புல்லை விட்டு இளந்தழையாகப் போடு. மிதக்கும் சட்டம் ஒன்று மூங்கிலில் கட்டி அதற்குள் போட்டால் தழை குட்டை முழுக்கப் பரவாது.

சுவையிலும் புல் கெண்டை தனி ஆள்தான். நமக்கு இனிப்பை உணர்த்துகிற ஏற்பியில் டி1ஆர்2 என்று ஒரு மரபணு உண்டு. புல் கெண்டையிடம் அது பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. இலை தழைக்கு மாறினதோடு அது சேர்ந்து போகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதே ஏற்பியை வரிக்குதிரை மீனில் சோதித்தபோது அது சர்க்கரைக்கு அசையவில்லை, புரதத்தின் துணுக்குகளான அமினோ அமிலங்களுக்குத்தான் அசைந்தது. தீனியில் வெல்லம் கரைத்துவிட்டால் மீன் இனிப்புக்கு ஓடிவரும் என்று யாராவது சொன்னால் அந்த வெல்லத்தை வீட்டில் பொங்கலுக்கு வைத்துக்கொள். மீனை இழுப்பது புதுப் புண்ணாக்கின் வாசம். புண்ணாக்கு புதுசாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும், அது மீனின் ஈரலைக் கெடுக்கும். உடைத்துப் பார், உள்ளே பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ தூள் தெரிந்தால், காறல் வாசம் அடித்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. மாட்டுக்கும் போடாதே.

தவிடு யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

மாவுச்சத்தைச் செரிக்க அமைலேஸ் என்ற நொதி வேண்டும். சோறும் கிழங்கும் தின்றே வளர்ந்த மக்களிடம் உமிழ்நீர் அமைலேஸ் மரபணு கூடுதல் பிரதிகளாக இருக்கிறது என்று 2007இல் ஓர் ஆய்வு சொன்னது. மீனிலும் அதே கதைதான். கலிஃபோர்னியாக் கரையில் பாசி மேய்கிற சில கடல் மீன்களிடம் அமைலேஸ் மரபணு பெருகியிருக்கிறது. இறைச்சி தின்னும் அவற்றின் உறவுக்கார மீன்களிடம் அப்படி இல்லை. நம் ரோகு மாவுச்சத்தை நன்றாகக் கையாளும் கூட்டத்தைச் சேர்ந்தது. தவிடு அதற்குச் சோறு மாதிரி.

விரால், கொடுவா போன்ற இறைச்சி உண்ணிகளுக்கு அது சரிப்படாது. செரிமானத்தைத் தாண்டியும் பிரச்சினை உண்டு. குளிர்நாட்டு டிரவுட் மீனில் இதைத் துருவிப் பார்த்திருக்கிறார்கள். மாவுச்சத்து கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறி, நேரத்துக்கு இறங்குவதே இல்லை. வெளியிலிருந்து சர்க்கரை வந்தால் நம் ஈரல், தானே சர்க்கரை செய்வதைக் குறைத்துக்கொள்ளும். டிரவுட்டின் ஈரலில் அந்த மரபணுக்கள் சரியாக அடங்குவதில்லை. ஆகவே விரால் வளர்க்க ஆசைப்பட்டால் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள தீனிக்குக் காசு இருக்கிறதா என்று முதலில் பார். விராலுக்கு மார்க்கெட்டில் நல்ல விலை என்பது உண்மைதான். ஆனால் அந்த விலையில் பெரும்பங்கைத் தீனிக் கடைக்காரரே வாங்கிக்கொண்டு போய்விடுவார். முதல் வருஷம் வேண்டாம் தங்கச்சி.

இதையே திருப்பியும் பார். ரோகுவுக்குப் போய் 40 சதவீதப் புரதத் தீனியை விற்க வருவார்கள். "சீக்கிரம் வளரும்" என்பார்கள். தவிட்டில் புரதம் 12, 13 சதவீதம். கடலைப் புண்ணாக்கில் 40லிருந்து 45. சரிபாதி கலந்தால் 27 சொச்சம் வருகிறது. வளரும் ரோகுவுக்கு அதுவும் சாணத் தண்ணீரில் விளைந்த பூச்சியும் போதும். தேவைக்கு மேல் போன புரதத்தை மீன் சதையாக்காது. எரித்துவிட்டு, அதிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடும். நீ காசு கொடுத்து வாங்கினது உன் குட்டையையே நஞ்சாக்கும். சிறு குட்டை வைத்திருக்கும் பெண்களிடம் இந்த விலை கூடின மூட்டையைத் தள்ளிவிடுவதைக் கண்டால் எனக்கு மனசு பொறுப்பதில்லை. தீனிக் கணக்கைக் கற்றுக்கொண்டால் யாரும் உன்னை ஏமாற்ற முடியாது. குஞ்சுப் பருவத்தில் மொத்த மீன் எடையில் 5 சதவீதம், வளர வளர 3, பிறகு 2. நூறு மீன் சராசரி 200 கிராம் என்றால் மொத்தம் 20 கிலோ. 3 சதவீதம் 600 கிராம். மாதம் ஒரு தடவை வலையை இழுத்துப் பத்து மீனை எடை போட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்.

பலமநேரு, குப்பம் பக்கத்துத் தங்கச்சிகளுக்கு இன்னொரு வசதி, பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுத்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழு. புரதமும் கொழுப்பும் அதிகம். சாதாக் கெண்டை இருந்தால் விரும்பித் தின்னும். வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பொடித்து, புண்ணாக்கில் ஒரு பங்கைக் குறைத்து அதற்குப் பதிலாகச் சேர். கொழுப்பு அதிகம் என்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதே.

குஞ்சு வாங்கும் இடத்தில்தான் பாதி லாபம்

தாய் தகப்பன் சரியில்லாத குஞ்சுக்கு என்ன தீனி போட்டும் பயனில்லை. மீன்வள விஞ்ஞானி ஹிராலால் சவுதுரி 1957 ஜூலை 10இல் ஒடிசாவின் அங்குலில் கெண்டைக்குப் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைத்த நாளிலிருந்து இந்தியாவில் பொரிப்பகங்கள் பெருகின. அதனால்தான் இன்று உன் குட்டைக்கே குஞ்சு வந்து சேர்கிறது. ஆனால் சில தாய் மீன்களையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்தினால் நெருங்கிய சொந்தத்துக்குள் கூடிப்போய் வளர்ச்சி குன்றும். கர்நாடகப் பொரிப்பகங்களைப் பார்த்த ஏக்நாத், டாயில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு தலைமுறைக்கு 2 முதல் 17 சதவீதம் வரை உறவுக்கலப்பு ஏறுவதாகக் கணக்கிட்டார்கள். ஒரே தொட்டியில் கட்லாவும் ரோகுவும் சேர்ந்து முட்டையிட்டால் கலப்புக் குஞ்சு வேறு வரும். அதன் தலையும் வாயும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். கட்லா என்று நம்பி நீ மேல்மட்டத்துக்குத் திட்டம் போடுவாய். அது வேறு எதையோ தேடும். பையைப் பிரித்து ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு பத்துக் குஞ்சை ஊற்றித் தலையையும் வாயையும் பார்த்த பிறகு பணம் கொடு.

ரோகுவில் ஜெயந்தி என்று கேட்டு வாங்கு. புவனேஸ்வரம் பக்கம் கௌசல்யகங்காவில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம், நார்வே நாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1992இல் இந்த வேலையைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆற்று ரோகுவையும் தங்கள் பண்ணை ரோகுவையும் கலந்து, நன்றாக வளரும் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997இல் ஜெயந்தி என்று பெயர் வைத்தார்கள். ஒரு தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீத வளர்ச்சி கூடியது. மரபணுவில் ஊசி போட்டு எதையும் நுழைக்கவில்லை. நல்ல மாட்டுக் கன்றைப் பொறுக்கிப் பெருக்குகிற அதே முறைதான். அந்த நிறுவனத்துக்கு விஜயவாடாவில் கிளை மையம் இருக்கிறது, குஞ்சு எங்கே கிடைக்கும் என்று அங்கே கேட்கலாம்.

வேகமாக வளரும் இனம் என்றால் அதன் பசியும் வேறு. நார்வே சால்மனில் ஐந்து தலைமுறை பொறுக்கிய மீனையும் காட்டு மீனையும் ஒன்றாக வளர்த்து 1999இல் ஒப்பிட்டார்கள். பொறுக்கிய மீன் 40 சதவீதம் அதிகம் தின்றது. வளர்ச்சியோ இரண்டு மடங்குக்கு மேல். கிலோ சதைக்கு ஆன தீனி 20 சதவீதம் குறைவு. பசியும் கூடுகிறது, தின்றதைச் சதையாக்கும் திறமையும் கூடுகிறது என்று அர்த்தம். ஆகவே நல்ல இனத்தை வாங்கிவிட்டுப் பழைய அளவுக்கே தவிடு போட்டால் அதற்குக் கொடுத்த காசு வீண். சாக்கு சீக்கிரம் காலியானால் அளவைக் கூட்டு.

பசியின் அளவும் மரபணுவில்தான் இருக்கிறது. ஜப்பானில் 2021இல் பேத்தை மீன் ஒன்றில், போதும் என்று சொல்லும் லெப்டின் சைகையை வாங்கும் மரபணுவையே வெட்டிவிட்டு, நிறையத் தின்று வேகமாக வளரும்படி செய்து விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். மெக்சிகோவின் இருட்டுக் குகை மீன்களுக்கு இயற்கையே இதைச் செய்திருக்கிறது. பசியை அடக்கும் எம்சி4ஆர் மரபணு சிலவற்றில் பழுதாகி, கிடைக்கும்போது தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. இன்சுலின் ஏற்பியிலும் மாற்றம் இருந்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறியும் அவை நலமாகவே வாழ்கின்றன என்று 2018இல் கண்டார்கள். வெள்ளம் வந்தால்தான் உணவு என்கிற இடத்தில் அது வாழும் வழி.

நம் கெண்டைக்கும் இதற்குச் சற்று நெருங்கின குணம் ஒன்று உண்டு, அதை நீ பயன்படுத்திக்கொள்ளலாம். அரைப் பட்டினியாக நெருக்கடியில் வைத்து ஒரு வருஷம் வளர்த்த குஞ்சை விசாலமான குட்டையில் விட்டு வயிறாரத் தீனி கொடுத்தால், விட்டுப்போன வளர்ச்சியை எட்டிப் பிடிக்கப் பசியும் வளர்ச்சியும் பாய்ந்து கிளம்பும். கொல்லேரு பக்கத்தில் நூறு கிராமுக்கு மேல் உள்ள ஒரு வருஷக் குஞ்சையே விடுவதற்குக் காரணம் இதுதான். ஆறேழு மாதத் தண்ணீர் உள்ள நம் குட்டைக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. விலை கூடத்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத குஞ்சை விட்டுத் தவளைக்கும் கொக்குக்கும் கொடுப்பதைவிட இது மேல். எண்ணிக்கையைக் குறைத்து வாங்கு.

வெயிலும் குளிரும்

மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் பத்து டிகிரி ஏறினால் அதன் உடம்பு எரிக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கெண்டைக்கு 25லிருந்து 32 டிகிரி வரை சுகம். மார்கழியில் பலமநேரு, மதனபள்ளி பக்கம் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் பசி அடங்கிவிடும். அப்போது தீனியைப் பாதியாக்கு, வெயில் ஏறின பிறகு போடு. சித்திரை வெயிலில் திருப்பதிப் பக்கம் நேர்மாறு. உடம்பு அதிகம் எரியும், ஆக்சிஜனும் அதிகம் வேண்டும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. தின்றதைச் செரிக்கவே ஆக்சிஜன் செலவாகும் என்பதால் உச்சி வெயிலில் வயிறு நிறைந்த மீன் திணறும். காலை எட்டு ஒன்பது மணிக்கு ஒரு தடவை, வெயில் தாழ்ந்ததும் ஒரு தடவை என்று வை. விடியலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி இல்லை, மூச்சுத் திணறல். அன்று தீனியே போடாதே. பம்பை ஓட்டித் தண்ணீரைத் தெளி.

கூப்பிடாமல் வரும் மீன்

ஜிலேபி மீன் 1952இல் இந்தியாவுக்கு வந்தது. பாசி, புழு, முட்டை எதையும் விடாது. அதன் இரைப்பையில் அமிலம் அவ்வளவு கடுமை என்பதால் பல மீன்களால் செரிக்க முடியாத நீலப்பச்சைப் பாசியைக்கூடக் கரைத்துவிடும். சின்ன வயதிலேயே முட்டையிட்டுப் பெருகி, உன் தவிட்டை எல்லாம் அதுவே தின்றுவிடும். தண்ணீர் வரும் வாயில் கொசுவலை போல நெருக்கமான வலை கட்டு. தேர்ந்தெடுத்து வளர்த்த கிஃப்ட் திலேப்பியா இதற்கு உறவானாலும் வேறு. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய இனம் அது. குப்பத்துக்கு அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டப் பாரூரில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு இதற்கான மையம் உண்டு. வளர்க்க அனுமதி வாங்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் கொண்டு வந்து கொடுத்தாலும் வாங்காதே. தடை செய்யப்பட்ட மீன் அது, தப்பி ஏரிக்குப் போனால் நாட்டு மீன் ஒன்றும் மிஞ்சாது.

சூலூர்பேட்டை, தடா பக்கத்துத் தங்கச்சிகளும் இப்போது நம் திருப்பதி மாவட்டத்தவர்களே; 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்தபோது பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரை இதில் சேர்ந்தது. அங்கே உவர்நீர்க் குட்டைக்கு மடவை நல்ல மீன். கோழிக்கு இருக்கிற அரைவைப்பை மாதிரி தடித்த இரைப்பை அதற்கு உண்டு. மணலைச் சேர்த்து விழுங்கிப் பாசியை அரைத்துவிடும். தீனிச் செலவு குறைவு. அதே ஏரியின் கொடுவா முழு இறைச்சி உண்ணி. சென்னை மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்ததால் குஞ்சு கிடைக்கிறது. ஆனால் பெரியது சின்னதைத் தின்றுவிடும். வாரா வாரம் அளவு பிரித்து வேறு வேறு வலைக்கூண்டில் விட நேரம் இருந்தால் மட்டும் இறங்கு.

வீட்டில் பிள்ளைகளுக்காகக் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தங்க மீன் கெண்டை ஜாதி, இரைப்பை இல்லை. நாளைக்கு இரண்டு மூன்று தடவை சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். ஃபைட்டர் மீன் புழு தின்னி, அதற்குப் பொரியும் பிஸ்கட்டும் ஆகாது.

பண விஷயம். 2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் திட்டச் செலவில் 60 சதவீதம் மானியம் என்றும், மற்றவர்களுக்கு 40 என்றும் வைத்தார்கள். குட்டை, குஞ்சு, தீனிக்கான விண்ணப்பம் உன் பெயரில் இருக்கட்டும். கிராமச் செயலகத்தில் மீன்வள உதவியாளர் இருந்தால் அவரிடமே கேள். இல்லாவிட்டால் மாவட்ட மீன்வள அலுவலகம்.

பிடிப்பதற்கு முந்தின நாள் தீனியை நிறுத்திவிடு. குடல் காலியான மீன் சீக்கிரம் கெடாது, வண்டியில் போகும்போது தண்ணீரையும் அழுக்காக்காது. விடியற்காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போதே வலையைப் போடு. முதலில் முக்கால் கிலோவைத் தாண்டினதை மட்டும் எடு, சின்னது இன்னும் ஒரு மாதம் தின்று வளரட்டும். வியாபாரியின் தராசுக்குப் பக்கத்தில் உன் தராசையும் வை.